‘ஸ்ட்ரைக்’ என்றால் வேலைநிறுத்தம் மட்டும்தானா? வெல்டிங் ராடு முதல் எச்.ஆர். கடிதம் வரை ஒரு சொல்லின் கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே தொழிற்சாலைக்குள், ஒரே நாளில், ‘ஸ்ட்ரைக்’ என்ற ஆங்கிலச் சொல் நான்கு விதமாகக் காதில் விழலாம்.

ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் சீனியர் வெல்டர், "ராடை மெதுவா உரசு, அப்பதான் ஆர்க் ஸ்ட்ரைக் ஆகும்" என்பார். வார்ப்படப் பிரிவில், அச்சுப்பெட்டிக்கு மேலே குவிந்து நிற்கும் மணலை வழித்தெடுக்கும் பட்டைக்கு ‘ஸ்ட்ரைக் ஆஃப் பார்’ என்று பெயர். கேட்டுக்கு வெளியே சங்கத்தின் போர்டில் ‘ஸ்ட்ரைக் நோட்டீஸ்’ ஒட்டியிருக்கும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர் கையில் எச்.ஆர். கொடுக்கும் ஆங்கிலக் கடிதத்தில், அவரது பெயர் ரோலில் இருந்து ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ செய்யப்பட்டதாக எழுதியிருக்கும்.

முதலாவது நெருப்பு மூட்டுகிறது. இரண்டாவது மட்டம் செய்கிறது. மூன்றாவது வேலையை நிறுத்துகிறது. நான்காவது வேலையைப் பறிக்கிறது. நான்குக்கும் வினைச்சொல் ஒன்றுதான்.

இதை வெறும் இங்கிலீஷ் கிளாஸ் விஷயம் என்று ஒதுக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, இந்தச் சொல்லுக்குள் இதுவரை இல்லாத ஓர் அர்த்தத்தைச் சேர்த்திருக்கிறது. ‘நாங்க ஸ்ட்ரைக்கே பண்ணலையே, லீவுதானே போட்டோம்’ என்று சொல்பவர்களும் இப்போது ஸ்ட்ரைக் செய்தவர்களாகக் கருதப்படலாம்.

அடிப்பதற்கு முன்னால் தடவியது

இன்று ‘ஸ்ட்ரைக்’ என்றதும் அடி, தாக்குதல் என்றுதான் மனதில் வருகிறது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது ‘ஸ்ட்ரீகன்’. அதன் அர்த்தம் மென்மையானது: ஒரு பரப்பின் மேல் லேசாகத் தடவிச் செல்வது, நீவுவது, தேய்ப்பது. நகர்ந்து போவது என்ற பொருளும் இருந்தது. ஓங்கி அடிப்பது என்ற பொருள் பிற்பாடு, இடைக்கால ஆங்கிலத்தில்தான் பெருகியது.

இதன் சொந்தக்காரச் சொற்களைப் பார்த்தால் அந்தப் பழைய அர்த்தம் இன்னும் தெரியும். ஜெர்மன் மொழியில் ‘ஸ்ட்ரைஷன்’ என்றால் தடவுவது, ரொட்டியில் வெண்ணெய் பூசுவது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, எழுதியதைக் கோடு போட்டு நீக்குவது. டச்சு மொழியில் இதே குடும்பச் சொல்லுக்குத் துணியை இஸ்திரி போடுவது என்று அர்த்தம். ஆங்கிலத்திலேயே ‘ஸ்ட்ரோக்’, ‘ஸ்ட்ரீக்’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள். டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் என்கிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பக்கவாதத்துக்கு வைத்த ‘ஸ்ட்ரோக்’ என்ற பெயரும் அப்படியே.

அதனால் வெல்டிங் பட்டறையில் வாழ்வது இந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள் என்று சொல்லலாம். ஆர்க்கை உண்டாக்க ஐ.டி.ஐ.யில் இரண்டு முறைகள் சொல்லித் தருவார்கள். ஒன்று, ராடின் நுனியை இரும்பின் மேல் தீக்குச்சி உரசுவது போல உரசி எடுப்பது. இன்னொன்று, லேசாகத் தட்டித் தூக்குவது. முதல் முறை பழைய ‘தடவு’, இரண்டாவது முறை புதிய ‘அடி’. ரெண்டும் ஒரே பாடத்தில் இருக்கின்றன. ஜாயின்ட்டுக்கு வெளியே கவனக்குறைவாக ராடு பட்டுத் தீப்பொறி பறந்து வடு விழுந்தால், அந்தக் குறைபாட்டுக்கும் ‘ஆர்க் ஸ்ட்ரைக்’ என்றே பெயர். அந்த இடத்தில் இரும்பு கெட்டிப்பட்டு, பின்னால் அங்கிருந்தே விரிசல் கிளம்பலாம் என்பதால் இன்ஸ்பெக்‌ஷனில் அதைத் தனியாகப் பார்ப்பார்கள்.

மணல் வழிக்கும் பட்டையின் கதை இன்னும் சுவாரசியம். ஐரோப்பாவில் தானியம் அளக்கும்போது மரக்காலுக்கு மேலே குவிந்ததை ஒரு குச்சியால் வழித்துவிட்டு மட்டமாக அளப்பார்கள். அப்படி வழிப்பதும் ‘ஸ்ட்ரைக்’தான். நம் ஊரில் படியைத் ‘தலைதட்டி’ அளப்பது என்பார்களே, அதே வேலை. தட்டு என்ற சொல் இங்கேயும் வந்து நிற்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

மிகுதியை வழித்து நீக்குவது என்ற இந்தப் பொருளும், பேனாவால் ஒரே இழுப்பில் கோடு போடுவது என்ற பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அதனால்தான் பட்டியலில் ஒரு பெயரின் மேல் கோடு இழுத்து நீக்குவது ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ ஆனது.

தமிழில் ‘அடி’ செய்யும் வேலை

ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா என்று ஆச்சரியப்படத் தேவையில்லை. தமிழில் ‘அடி’ இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, கரண்ட் அடிக்கிறது, லாட்டரி அடிக்கிறது. பெயின்ட் அடிக்கிறோம், போன் அடிக்கிறோம், நோட்டீஸ் அடிக்கிறோம். இதில் மணி அடிப்பதற்கும், அதிர்ஷ்டம் அடிப்பதற்கும், காசு அச்சடிப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக்’ போடலாம்.

இரண்டு மொழிகளும் மிக நெருங்கி வரும் இடம் ஒன்று உண்டு. "லிஸ்ட்ல என் பேரை அடிச்சிட்டாங்க" என்றால் நீக்கிவிட்டார்கள் என்று எல்லோருக்கும் புரியும். பத்திரங்களில் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுதுவதும் அதே அடிதான். ஆனால் "அந்த வேலைக்கு அவர் பேர் அடிபடுது" என்றால் அர்த்தம் நேர் எதிராகிவிடும். நீக்கப்படவில்லை, பேசப்படுகிறார். இப்படிப்பட்ட வித்தியாசத்தைத் தமிழில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் வரும் கடிதத்தில் அது கைகொடுப்பதில்லை.

பாயை இறக்கிய மாலுமிகள்

சரி, அடிப்பதற்கும் வேலையை நிறுத்துவதற்கும் என்ன சம்பந்தம்? முதலாளியை எதிர்த்து அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை.

கப்பல் மொழியில் ‘ஸ்ட்ரைக்’ என்றால் இறக்குவது. பாய்மரத்துணியை, கொடியை, பாயைத் தாங்கும் குறுக்குக் கழியைக் கீழே இறக்குவது. போரில் தோற்ற கப்பல் கொடியை இறக்குவதையும் இப்படியே சொல்வார்கள். டச்சு மொழியிலும் இஸ்திரி போடும் அதே சொல்தான் பாய் இறக்குவதற்கும்.

1768-ல் இங்கிலாந்தில் கூலிப் பிரச்சினை வெடித்தது. சண்டர்லாந்து துறைமுகத்தில் மாலுமிகள் கூடித் தங்கள் குறைகளை வாசித்துவிட்டு, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றிலும் ஏறிப் பாய்க் கழிகளை இறக்கினார்கள். பாய் இல்லாமல் கப்பல் நகராது. அதே ஆண்டு லண்டன் தேம்ஸ் நதியிலும் இதுவே நடந்தது. அதிலிருந்து, வேலையை நிறுத்துவதற்கே ‘ஸ்ட்ரைக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு கப்பலே இல்லாத நூற்பாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அந்தச் சொல் பரவியது.

அதாவது இந்த ‘ஸ்ட்ரைக்’கில் கை ஓங்குவது இல்லை, இறக்கி வைப்பதுதான் இருக்கிறது. கட்டடத் தொழிலில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கான்கிரீட் இறுகியதும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்து இறக்குவதற்கு, பிரிட்டிஷ் வழக்கில் ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள். கூடாரத்தைப் பிரிப்பதற்கும், நாடகம் முடிந்ததும் செட்டைக் கழற்றுவதற்கும் அதே சொல்தான்.

தூத்துக்குடி, பெரம்பூர்... சொல் தமிழுக்கு வந்த வழி

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு அரசியல் எடை கொடுத்த முதல் பெரிய நிகழ்வு 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்தது. பிப்ரவரி இறுதியில் தொடங்கிய அந்தப் போராட்டத்தை வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தன. வெற்றி பெற்ற சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று, இருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்கான அந்தச் சங்கத்துக்கு பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இங்கேதான் ஒரு முக்கியமான திருப்பம். ஆலை நிர்வாகம் வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடை உத்தரவும் பிறப்பித்தது. வேலையை நிறுத்தச் சொன்னதற்காகச் சங்கத் தலைவரைச் சிவில் கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்ற அந்த நிலைமைதான் நாடு முழுக்க விவாதத்தைக் கிளப்பியது. பதிவு செய்த சங்கங்களுக்கு இப்படிப்பட்ட வழக்குகளில் இருந்து பாதுகாப்பு தந்த தொழிற்சங்கச் சட்டம் 1926-ல் வந்தது.

தமிழ் இந்தச் சொல்லை ‘அடி’ என்று மொழிபெயர்க்கவில்லை. ‘வேலைநிறுத்தம்’ என்று செயலை அப்படியே சொன்னது. இலங்கையில் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்பார்கள். இங்கே உள்ளிருப்புப் போராட்டம், கடையடைப்பு, பந்த் என்று ஒவ்வொரு வகைக்கும் தனிச்சொல் வந்துவிட்டது. நிர்வாகம் கேட்டைப் பூட்டினால் அது ‘கதவடைப்பு’. தொழிலாளி நிறுத்துவது வேலைநிறுத்தம், முதலாளி நிறுத்துவது கதவடைப்பு. செய்தியில் இரண்டையும் மாற்றிப் போட்டால் யார் நிறுத்தினார்கள் என்ற உண்மையே தலைகீழாகிவிடும்.

பேச்சில் மட்டும் ‘ஸ்ட்ரைக்’தான் ஜெயித்தது. வட சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் "என்னப்பா, இன்னிக்கு உங்க கம்பெனில வேலைநிறுத்தமா?" என்று யாரும் கேட்பதில்லை.

லீவு எப்போது ஸ்ட்ரைக் ஆகிறது?

1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் ‘ஸ்ட்ரைக்’குக்கு விளக்கம் இருந்தது. பலர் சேர்ந்து வேலையை நிறுத்துவது, அல்லது பொதுவான புரிதலோடு வேலை செய்ய மறுப்பது. மின்சாரம், போக்குவரத்து போன்ற பொதுப்பயன் சேவைகளில் முன்னறிவிப்பு கட்டாயம். சாதாரணத் தொழிற்சாலையில், சமரசப் பேச்சோ வழக்கோ நிலுவையில் இல்லாவிட்டால், முன்னறிவிப்பு கட்டாயம் இல்லை.

2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சட்டத்தொகுப்பு இரண்டு மாற்றங்களைச் செய்தது.

முதல் மாற்றம் அர்த்தத்தில். ஒரு குறிப்பிட்ட நாளில் தொழிலாளர்களில் 50 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூட்டாக கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் ஸ்ட்ரைக். 400 பேர் வேலை செய்யும் ரோலிங் மில்லில் 200 பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் லீவு எழுதிக் கொடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது லீவு இல்லை.

இதில் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. ‘கூட்டாக’ என்ற சொல்லும் அதே அளவு முக்கியம். சத் பூஜைக்கும் ஹோலிக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் ஊருக்குக் கிளம்புவது கும்மிடிப்பூண்டிக்குப் புதிதல்ல. பொங்கலுக்கு இங்கே உள்ளவர்கள் கிளம்புவதும் அப்படித்தான். திருவிழாவுக்குத் தனித்தனியாகப் போவதும், கோரிக்கைக்காகச் சேர்ந்து முடிவெடுத்து வராமல் இருப்பதும் ஒன்றல்ல. தகராறு வந்தால் எது எது என்று நிரூபிப்பதில்தான் சண்டை இருக்கும்.

இரண்டாவது மாற்றம் நேரத்தில். இனி எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் முன்னறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கொடுத்த நாளில் இருந்து 14 நாட்களுக்குள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. கொடுத்த நோட்டீஸ் 60 நாட்களுக்குத்தான் செல்லும். சமரச அதிகாரி முன் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து 7 நாட்கள் வரையும் கூடாது. தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும்போதும், முடிந்து 60 நாட்கள் வரையும் கூடாது.

வாசிக்கும்போது இது வெறும் காத்திருப்புப் பட்டியல் போலத் தெரியும். சங்கங்களின் கவலை வேறு. நோட்டீஸ் கொடுத்ததும் சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டினால், அந்த நாளிலிருந்து சமரசப் பேச்சு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பேச்சு தொடங்கினால் வேலைநிறுத்தத்துக்குத் தடை. அப்படின்னா சட்டப்படியான ஸ்ட்ரைக்குக்கு நாள் எப்போதுதான் வரும் என்று கேட்கிறார்கள். கதவடைப்புக்கும் இதே 14 நாள், 60 நாள் விதிகள் பொருந்தும், அதனால் இது இரு தரப்புக்கும் சமம் என்பது அரசுத் தரப்பு வாதம். காகிதத்தில் சமம்தான். ஒரு நாள் சம்பளம் போனால் வாடகை நிற்கிற வீட்டில் அந்தச் சமம் எப்படி இருக்கும் என்பது தனிக் கேள்வி.

மீறினால் என்ன? பழைய சட்டத்தில் தொழிலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய், அல்லது ஒரு மாதம் வரை சிறை. இப்போது அபராதம் 1,000 முதல் 10,000 ரூபாய் வரை, சிறை அதே ஒரு மாதம் வரை. சட்டவிரோதக் கதவடைப்புக்கு நிர்வாகத்துக்கு 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை. தூண்டியவர்களுக்கு 10,000 முதல் 50,000 ரூபாய் வரை.

இதைவிட அதிகம் வலிக்கும் ஒரு விதி ஷாப் ஃப்ளோரில் பழைய காலம் முதலே பிரபலம்: ‘ஒரு நாள் ஸ்ட்ரைக், எட்டு நாள் சம்பளம் கட்.’ இது வதந்தி இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. பத்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருந்தால், அதிகபட்சம் 8 நாள் கூலி வரை பிடிக்கலாம் என்பதே விதி. இந்த ‘இருந்தால்’கள் எல்லாம் சேர்ந்தால்தான் எட்டு நாள். நோட்டீஸ் போர்டில் பெரும்பாலும் எட்டு மட்டும்தான் பெரிதாகத் தெரியும்.

ஆவடிக்கு முன்பே வந்த அர்த்தம்

‘கூட்டாக லீவு எடுத்தாலும் ஸ்ட்ரைக்’ என்பது திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதிக்கு 2021-லேயே தெரிந்த விஷயம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, இன்ஜின் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை ஆகியவை இருக்கின்றன. விஜயந்தா, அர்ஜுன் டாங்கிகள் தயாரான இடம்.

நாடு முழுவதும் இருந்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளை அரசு நிறுவனங்களாக மாற்றும் முடிவை எதிர்த்து, 2021 ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று ஊழியர் சம்மேளனங்கள் அறிவித்தன. அதற்கு முன்பே, ஜூன் 30 அன்று, அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது சட்டமானது. அதில் ‘ஸ்ட்ரைக்’ என்ற சொல் வலையைப் போல விரித்து வைக்கப்பட்டிருந்தது. மெதுவாக வேலை செய்வது, உட்கார்ந்துகொள்வது, அடையாள வேலைநிறுத்தம், மற்றவர்களுக்கு ஆதரவாக நிறுத்துவது, கூட்டாக லீவு எடுப்பது, தேவையான ஓவர்டைமை மறுப்பது என எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள். தண்டனை ஓராண்டு வரை சிறை.

ஜூலை 26 வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அக்டோபர் 1 அன்று தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. டாங்கி, கவச வாகனங்களுக்கான நிறுவனத்தின் தலைமையகம் ஆவடியிலேயே அமைந்தது.

அரசு ஊழியர்களின் கதை வேறு. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒரே அடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ‘ஸ்ட்ரைக் பண்ணவே உரிமை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு’ என்று தொழிற்சாலைகளிலும் சிலர் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அது அரசு ஊழியர்கள் பற்றியது. தனியார் தொழிற்சாலைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. விதிகளுக்குள் நடக்கும் வேலைநிறுத்தத்துக்கு அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. 2024 செப்டம்பர் 9 அன்று பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்து, அமைச்சர்கள் தலையிட்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு முடிந்தது. அங்கே முக்கியக் கேள்விகளில் ஒன்று சங்கத்தைப் பதிவு செய்வது பற்றியது.

செய்தியில் வரும் மற்ற ஸ்ட்ரைக்குகள்

நீதிமன்றம் ஒரு சட்டத்தை ‘ஸ்ட்ரைக் டவுன்’ செய்தது என்றால் ரத்து செய்தது. 2016-ல் பிரபலமான ‘சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’கில் தாக்குதல் என்ற பொருள். டீல் ‘ஸ்ட்ரைக்’ ஆனது என்றால் பேரம் முடிந்தது. கைமேல் கை அடித்து விலை முடிப்பார்களே, அதிலிருந்து வந்தது. கிரிக்கெட்டில் பந்தை எதிர்கொள்பவர் ‘ஆன் ஸ்ட்ரைக்’, நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பது ஸ்ட்ரைக் ரேட். தொழிற்சாலை நோட்டீஸில் ‘ஆன் ஸ்ட்ரைக்’ என்றால் வேலையை நிறுத்தியவர். ஒருவர் ஆடுபவர், இன்னொருவர் ஆட மறுப்பவர்! கேரம் போர்டில் இருப்பதும் ஸ்ட்ரைக்கர், வேலைநிறுத்தம் செய்பவரும் ஆங்கிலத்தில் ஸ்ட்ரைக்கர்தான்.

பெயரை அடித்தால் வேலை போய்விடுமா?

மறுபடி அந்த எச்.ஆர். கடிதத்துக்கு வரலாம். இந்தச் சொல்லின் எல்லா அர்த்தங்களிலும் தொழிலாளிக்கு மிகவும் புரியாமல் போவது இதுதான். காரணம், கடிதத்தில் ‘டிஸ்மிஸ்’ என்றோ ‘டெர்மினேட்’ என்றோ இருக்காது. பெயரை நீக்கினோம் என்று மட்டும் இருக்கும். ஏதோ ரிஜிஸ்டரில் செய்த சின்னத் திருத்தம் போலத் தோன்றும்.

உச்ச நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. தெற்கு ரயில்வே தொழிலாளி ராபர்ட் டிசோசா வழக்கில் 1982-ல் வந்த தீர்ப்பு, அனுமதியின்றி வரவில்லை என்று ரோலில் இருந்து பெயரை நீக்குவதும் ஆட்குறைப்புதான் என்றது. ஆட்குறைப்பு என்றால் அதற்கான நடைமுறை வேண்டும். ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான கூலி, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிக் கூலி இழப்பீடு. 12 மாதங்களில் 240 நாட்கள் வேலை பார்த்திருந்தால், அது ஓராண்டு தொடர் வேலையாகக் கணக்கில் வரும். இழப்பீட்டுக்கான இந்த அளவுகள் புதிய சட்டத்தொகுப்பிலும் இருக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டவரின் காலம் முடிவது ஆட்குறைப்பு ஆகாது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

1993-ல் வந்த டி.கே.யாதவ் வழக்குத் தீர்ப்பு இன்னும் நேரடியானது. எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலையின் மீதுள்ள உரிமை தானாகவே போய்விடும் என்று அந்த நிறுவனத்தின் நிலையாணையிலேயே எழுதியிருந்தது. தினமும் வந்தேன், கேட்டிலேயே தடுத்துவிட்டார்கள் என்பது தொழிலாளியின் வாதம். நிலையாணையில் இருந்தாலும், விசாரணை நடத்தி விளக்கம் சொல்ல வாய்ப்பு தராமல் வேலையைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அவருக்கு மீண்டும் வேலையும், பாதிச் சம்பள பாக்கியும் தர உத்தரவிட்டது.

எனவே ‘ஸ்ட்ரைக் ஆஃப்’ என்ற சொல் வந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், அதில் உள்ள தேதிகளைப் பார்க்க வேண்டும். இதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்ததா, விசாரணை நடந்ததா, கணக்கில் இழப்பீடு இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். வராத நாட்களுக்கு மருத்துவச் சான்று, ரயில் டிக்கெட், வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்பிய லீவு மெசேஜ் என்று எது இருந்தாலும் பத்திரப்படுத்துவது நல்லது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தனி ஆளாகவும் மனு கொடுக்கலாம். அதற்குச் சங்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இன்னும் சிக்கல். அவர் பெயர் கம்பெனியின் ரோலில் ஆரம்பத்திலிருந்தே இருக்காது. கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில் இருக்கும். அங்கே அடித்தால் கடிதம்கூட வராது, ஒரு நாள் காலையில் கேட் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான். பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் வேலையை விட்டு நின்ற தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வழக்கமாக நிரப்புவது வேலை கொடுத்தவர். தன் பெயர் எப்போது அடிக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரிய வருவது, பல மாதம் கழித்துப் பணம் எடுக்கப் போய் போனில் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கும்போதுதான்.